பேனலின் முதுகிலிருந்து தொடங்குங்கள்

நிலவிலிருந்து 1969 ஜூலை 24 அன்று திரும்பிய மூவரையும் அமெரிக்க அதிபர் நிக்ஸன் கைகுலுக்கி வரவேற்க முடியவில்லை. யு.எஸ்.எஸ். ஹார்னெட் கப்பலுக்குள் நிறுத்தியிருந்த ஒரு வெள்ளி நிற வண்டியின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் ஜன்னலுக்கு உள்ளே இருந்தார்கள். நிலவுக் கிருமி ஏதேனும் ஒட்டி வந்திருக்குமோ என்ற அச்சத்தில் அவர்களைத் தனிமைப்படுத்த நாசா பயன்படுத்திய அந்த வண்டி, ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பயண வீட்டை மாற்றியமைத்தது. வாலி பையம் 1930களில் தொடங்கிய நிறுவனம் அது. ஒஹையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் இன்றும் இயங்குகிறது. விமானம் கட்டுவதுபோல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த அதன் வண்டிகள் வெளியே அரை நூற்றாண்டைத் தாங்கி நிற்கின்றன. மங்கிப்போன அலுமினியத்தைப் பொறுமையாகத் தேய்த்தால் மறுபடி முகம் பார்க்கலாம். பழைய வண்டியை வாங்கிப் புதுப்பிப்பவர்களுக்குச் சோதனை தொடங்குவது கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்த பிறகுதான்.

முந்தைய வண்டிகளில் உட்புறத்தின் இரு முனைகளையும் அலுமினியத் துண்டுகளைச் சேர்த்தே வளைத்து மூடினார்கள். 1970களின் வண்டிகளில் அந்த இடத்துக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வந்தது. தகட்டைச் சூடாக்கி, இளகியதும் அச்சின் மேல் வெற்றிடத்தால் உறிஞ்சிப் படியவைத்தால், மரத்திலோ தகட்டிலோ எளிதில் கிடைக்காத வளைவு ஒரே துண்டாகக் கிடைத்துவிடும். குளியலறைப் பகுதிகளும் இப்படியே பிளாஸ்டிக்குக்கு மாறின. இன்று அந்த வண்டிகளுக்குள் நுழைபவர் முதலில் பார்ப்பது நிறத்தை. ஜன்னலோரம் தேநீர்க் கறைபோல் பழுத்திருக்கும். அலமாரிக்குப் பின்னால் ஒளி படாத இடம் மட்டும் அசல் நிறத்தில் இருக்கும். விரிசல் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். அதனால்தான் பெரும்பாலானவர்கள் வெளுப்பதிலும் பெயிண்ட் அடிப்பதிலும் வேலையைத் தொடங்குகிறார்கள். அந்த வரிசை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பழைய பேனல் இழந்தவற்றில் மிகச் சிறியது நிறம். அது இழந்த வலுவையும், அசைய இடமில்லாமல் அது படும் இறுக்கத்தையும் முதலில் கவனிக்க வேண்டும். அதற்குப் பேனலைக் கழற்றித் திருப்பி, முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏ.பி.எஸ். என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று பொருள்களின் கூட்டு. முதலும் மூன்றும் சேர்ந்து விறைப்பைத் தருகின்றன. பியூட்டடையீன் ரப்பராக மாறி, அந்த விறைப்புக்குள் நுண்ணிய உருண்டைகளாகச் சிதறிக் கிடக்கிறது. அடி விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இந்த ரப்பர்தான். மிக்ஸியின் உடலும், கணினி விசைப்பலகையும், 1963 முதல் லெகோ கட்டைகளும் கீழே விழுந்தும் உடையாமல் பிழைப்பது இதனால்தான். ஆனால் ரப்பரின் வேதிப் பிணைப்புகளே புற ஊதாக் கதிருக்கும் ஆக்சிஜனுக்கும் முதல் இரை. ஜன்னல் கண்ணாடி அக்கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். மீதி உள்ளே வந்துவிடும். ஆக்சிஜனேற்றம் அடைந்த ரப்பர் இறுகிப்போகிறது. அப்போது பிறக்கும் புதிய மூலக்கூறுகள் நீல ஒளியை விழுங்குவதால் நம் கண்ணுக்குப் பேனல் மஞ்சளாகத் தெரிகிறது. ஆக, நிறம் மாறிய இடம் நெகிழ்வை இழந்த இடமும்கூட. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தச் சிதைவு மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி ஆழத்துக்கே பெரும்பாலும் இறங்குகிறது. கழற்றிய பேனலின் முதுகைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பழைய பிளாஸ்டிக் ஏறக்குறைய அப்படியே இருப்பது தெரியும். புதுப்பிக்கும் வேலை சாத்தியமாவது அந்த உட்பகுதியை நம்பித்தான்.

மேல்தோல் மட்டும் இறுகியிருந்தால் அதனால் என்ன கெடுதல் என்று தோன்றலாம். கெடுதல் உண்டு. இறுகிய தோலில் ஒரு கீறல் விழுந்தால், அதன் கூர்முனை உள்ளே இருக்கும் நல்ல பிளாஸ்டிக்கையும் பிளந்துகொண்டு போகும். அந்தக் கீறலைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் வெப்பம். ஒரே சூட்டுக்கு ஏ.பி.எஸ். அலுமினியத்தைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம் விரியும். 2 மீட்டர் நீளப் பேனல் ஒன்று அதிகாலைக் குளிரிலிருந்து 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் அலுமினியக் கூடு 2 மில்லிமீட்டர்கூட நீளாது. இரண்டையும் ரிவெட்டால் இறுக்கிக் கட்டியிருந்தால் மீதி 4 மில்லிமீட்டருக்குப் போக்கிடம் கிடையாது. ரிவெட் துளையின் விளிம்பே அந்த இழுபறி முழுவதையும் சுமக்கிறது. பழைய வண்டிகளில் விரிசல்கள் பலவும் துளையிலிருந்து நட்சத்திரக் கதிர்போல் கிளம்புவதற்குக் காரணம் இதுதான். அடுத்தபடியாக அவை மூலைகளில் தோன்றும். அச்சில் உறிஞ்சிப் படியவைக்கும்போது தகடு அதிகம் இழுபட்டு மெலிந்துபோகும் இடங்கள் அவை. ஒவ்வொரு விரிசலும் பேனல் எங்கே நெருக்கப்பட்டது என்பதை எழுதிக்காட்டும் குறிப்பு. அதைப் படிக்காமல் மேலே பெயிண்ட் பூசினால், அடுத்த கோடையில் அதே கோடு அதே இடத்தில் மறுபடி தோன்றும்.

வேலையில் இறங்குமுன் பொருள் எது என்று உறுதிசெய்ய வேண்டும். பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோணக் குறியீடு 1988இல்தான் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய பேனல்களில் அதைத் தேடிப் பயனில்லை. மறைவான ஓரத்திலிருந்து நகத்துணுக்களவு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன்; ஏ.பி.எஸ். மூழ்கிவிடும். மூழ்கியதன் மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் ஏ.பி.எஸ். சில நொடிகளில் இளகிப் பிசுபிசுக்கும். கண்ணாடியிழை அசையாது. இந்த இரண்டு சோதனைகளும் பத்து நிமிட வேலை. இவற்றைச் செய்யாமல் தவறான பசையைப் பூசி, காய்ந்ததும் அது பொருக்காக உரிந்து வருவதைப் பார்ப்பவர்கள் பலர். கழுவுவதிலும் கவனம் தேவை. மென்மையான சோப்பு நீர் போதும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய் கலந்த துப்புரவுத் திரவங்கள் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும். ஆனால் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்குள் அவை ஊடுருவிப் புதிய விரிசல்களைத் திறந்துவிடக்கூடும். தின்னரும் அப்படித்தான்.

ஒரு ரிவெட் துளையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். துளையிலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடாக முடிகிறது. அந்த முடிவிடத்தில் 3 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை போட வேண்டும். விரிசலின் கூர்முனை அந்த வட்டத்துக்குள் விழுந்து மழுங்கும், மேலே ஓடாது. பிறகு முதுகுப் பக்கத்தில் விரிசல் நெடுகிலும் ஆங்கில வி எழுத்துபோல் சரிவாகச் செதுக்க வேண்டும். அதே பேனலின் மறைவான ஓரத்திலிருந்து சீவியெடுத்த துணுக்குகளை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால், மறுநாள் காலையில் அவை தேன் பதத்துக்குக் கரைந்திருக்கும். இந்தக் கூழ் சாதாரண ஒட்டுப்பசையைப் போல இரண்டு பரப்புகளுக்கு நடுவே நின்று பிடிப்பதில்லை. இரு கரைகளையும் இளக்கி ஒரே பொருளாக இணைத்துவிட்டு, அசிட்டோன் ஆவியானதும் தானும் ஏ.பி.எஸ்.ஸாகவே இறுகுகிறது. ஆவியாகும்போது சுருங்கும் என்பதால் ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. மெல்லிய பூச்சுகளாக, நாள்விட்டு நாள் ஏற்ற வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின், முதுகில் விரிசலுக்குக் குறுக்கே 2 மில்லிமீட்டர் ஏ.பி.எஸ். பட்டையை ஒட்டினால் அந்த இடம் பழையதைவிடத் தடித்து நிற்கும். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே இதையெல்லாம் வண்டிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், அடுப்போ தீப்பொறியோ இல்லாத தூரத்தில் செய்ய வேண்டும்.

பேனலைத் திரும்பப் பொருத்துவது எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம். பழைய துளைகளில் அதே அளவு ரிவெட்டை மறுபடி அடித்தால் செய்ததெல்லாம் வீண். நடுவிலுள்ள துளையை மட்டும் இறுக்கமாக விட்டு, ஓரத்துத் துளைகளை நீள்வட்டமாக விரிவாக்கி, அகன்ற வாஷர் வைத்துத் தளர்வாகப் பிடிக்கச் செய்ய வேண்டும். அப்போது பேனல் நடுவிலிருந்து இரு பக்கமும் நீளலாம், சுருங்கலாம். விளிம்பு முட்டாதபடி சிறு இடைவெளி விட்டு, அதை அலங்காரப் பட்டையால் மறைக்கலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு நாள் வெயிலில் வெளுத்துவிடலாமே என்பது முதல் மறுப்பு. பழைய கணினிகளின் ஆர்வலர்கள் 2008 வாக்கில் பரப்பிய முறை இது. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் மஞ்சள் மறைகிறது. தலைமுடிக்குச் சாயம் போடும் கடைகளில் கிடைக்கும் 12 சதவீதக் கரைசலே இதற்குப் போதும். வேலை செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மறைவது நிறம் மட்டுமே. இறுகிய ரப்பர் மறுபடி நெகிழ்வதில்லை. பூச்சு சீராக இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துச் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகும். வெளுத்தவை மீண்டும் மஞ்சளாவதையும் பலர் பார்த்திருக்கிறார்கள், அலமாரியில் இருட்டில் வைத்தவைகூட. மேசைமேல் அசையாமல் இருக்கும் கணினிப் பெட்டிக்கு இது பொருந்தலாம். சாலையில் குலுங்கி, தினமும் விரிந்து சுருங்கும் பேனலுக்கு இது மருந்தாகாது. விரிசல் இல்லாத சிறு பாகங்களுக்கும் விளக்கு மூடிகளுக்கும் வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

அசல் நிறத்தை மூடுவது வரலாற்றை அழிப்பதாகாதா என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. பெயிண்ட் அடித்ததைப் பின்னால் சுத்தமாக எடுக்க முடியாது. உறுதியாக இருக்கும் பேனலைத் தொடாமல் விடுவதே நல்லது. ஜன்னலுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டி, வண்டியை நிழலில் நிறுத்தினாலே அது இன்னும் பல்லாண்டு உழைக்கும். ஆனால் பழுதுபார்த்த பேனலுக்கு ஒளிபுகாத பூச்சு அழகுக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. புற ஊதாவை நிறுத்தும் கவசமும் அதுவே. இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கண்ணாடிபோல் இறுகும் பெயிண்ட் தானே ஒரு புதிய இறுகிய தோலாகிவிடும். பிளாஸ்டிக்குக்கென உள்ள நெகிழும் பெயிண்ட்டை, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து பிரைமர் பூசிய பரப்பில், பல மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். மறைவான ஓர் ஓரத்தை அசல் நிறத்தோடு விட்டுவைத்தால் நாளை இந்த வண்டியை ஆராய்பவருக்கு அது சான்றாக இருக்கும்.

எல்லாவற்றையும் பிய்த்தெறிந்து மரமும் துணியும் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். தட்டையான சுவருக்கு அது சரிப்படும். இரண்டு திசையில் வளையும் முனைக்கு மரம் வளையாது. அலுமினியத்தில் செய்வதென்றால் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கும் பழைய கைத்திறன் வேண்டும். எஞ்சின் பூட்டிய மோட்டார் ஹோமாக இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 1972 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, வாகன உட்புறப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. கடையில் அழகாக இருக்கிறதென்று வாங்கும் துணியும் நுரையும் அந்தச் சோதனையைக் கண்டிராதவையாக இருக்கலாம். ஒரே அறைக்குள் சமையலும் படுக்கையும் இருக்கும் வண்டியில் இதைப் புறக்கணிக்க முடியாது.

கடைசியாக எழுவது, வெறும் பிளாஸ்டிக்குக்கு இத்தனை மரியாதையா என்ற கேள்வி. மரத்தையும் உலோகத்தையும் காப்பாற்றுவது பண்பாடு, பிளாஸ்டிக் குப்பை என்ற பழக்கம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அருங்காட்சியகங்கள் அந்தப் பழக்கத்தைக் கடந்துவிட்டன. அங்குள்ள பிளாஸ்டிக் பொருள்களைக் காக்கும் வழிகளை ஆராய ஐரோப்பிய ஒன்றியம் 2008 முதல் 2012 வரை ஒரு கூட்டு ஆய்வையே நடத்தியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டுச் சான்று காட்ட முடியாது. அந்த முனைப் பேனலின் அச்சு இன்று நம் கையில் இல்லை. உடைத்தெறிந்தால் அந்த வளைவு திரும்பக் கிடைக்காது. எறிந்த துண்டுகளோ மண்ணில் மக்கப் போவதுமில்லை. இருப்பதைக் காப்பது இரண்டு வகையிலும் பொறுப்பான செயல்.

வேலை சரியாக நடந்ததா என்பதைப் புகைப்படம் காட்டாது. அடுத்த கோடையில் வண்டி வெயிலில் நிற்கும் ஒரு நண்பகலில், ஓரத்து ரிவெட்டின் நீள்துளைக்குள் பேனல் சத்தமில்லாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர வேண்டும். மாலையில் குளிர்ந்ததும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சிறு இடத்தை ஒதுக்கிக் கொடுத்த பிறகு எந்த நிறத்தை வேண்டுமானாலும் பூசலாம்.