அபாயமணியும் அதனை அடக்கும் கையும்
கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவிகள் பற்றிய ஒரு விளக்கம்

அயனாக்கும் கதிர்வீச்சைக் கண்ணாற் காணவோ காதாற் கேட்கவோ மனிதனால் இயலாது. கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களிடையே உழைப்போர் தம் புலன்களை விடுத்து ஒரு கருவியையே நம்பவேண்டியவராகின்றனர். அக்கருவி எப்போது ஒலிக்கின்றது, எவ்வாறு அடங்குகின்றது என்பன வெறுந் தொழினுட்ப வினாக்கள் போலத் தோன்றினும், உழைப்பவரின் உயிரோடு தொடர்புடையவை. ஆதலின் அவற்றை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1928ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹான்ஸ் கைகர், வால்தர் முல்லர் ஆகியோர் உருவாக்கிய குழாய் இத்தகைய கருவிகள் பலவற்றின் அடிப்படையாகும். தாழ்ந்த அழுத்தத்தில் வாயு நிரப்பிய குழாயின் நடுவிலுள்ள மெல்லிய கம்பிக்குச் சில நூறு வோல்ற்று ஊட்டப்படும். கதிர் வாயுவை அயனாக்கியதும் இலத்திரன்கள் பெருகிக் கம்பியை நோக்கிப் பாய, ஒரு மின்துடிப்பு உண்டாகின்றது. துடிப்புகளை எண்ணி, முன்னரே குறித்துவைத்த எல்லைப் பெறுமானத்தோடு ஒப்பிடுவதே அபாயமணிச் சுற்றின் வேலை.

இவ்வெல்லையை எங்கே வைப்பது? கதிர்த்தேய்வு எழுமாறான நிகழ்வு; எண்ணிக்கை நிலையாக நில்லாது. ஒரு செக்கனில் இயற்கைப் பின்னணி இடையாக 16 துடிப்புகளைத் தருமாயின், அதன் ஏற்றவிறக்கம் 16இன் வர்க்கமூலமாகிய 4 அளவினதாகும். எல்லையை 28இல் வைத்தாலும் சில நூறு தடவைக்கு ஒருமுறை அது தற்செயலாக மீறப்படும். செக்கனுக்கொரு முறை ஒப்பிடும் கருவி மணிக்குப் பல தடவை பொய்யாக ஒலிக்கும். எல்லையை உயர்த்தினால் மெய்யான அபாயம் தப்பக்கூடும். நீண்ட நேரத்துக்கு இடை கண்டால் எச்சரிக்கை தாமதிக்கும்.

அடக்கும் முறைகளும் ஒன்றல்ல. சில கருவிகளில், அளவு எல்லைக்குக் கீழே வந்ததும் மணி தானாகவே நின்றுவிடும். வேறு சிலவற்றில், அளவு தாழ்ந்த பின்னரும் ஒருவர் வந்து மீளமைக்கும்வரை எச்சரிக்கை நிலைத்திருக்கும். ஏற்புப் பொத்தான் ஒலியை மாத்திரம் நிறுத்தும். விளக்கு தொடர்ந்து எரியும். உழைப்பவர் பெற்ற மொத்த அளவைக் கூட்டிவரும் கருவியின் எச்சரிக்கையோ, அவர் இடத்தை விட்டு அகன்றாலும் பொருள் இழப்பதில்லை. வீதம் தாழலாம், உடல் ஏற்றது குறைவதில்லை.

மௌனமும் எப்போதும் பாதுகாப்பைக் குறிப்பதன்று. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் குழாய் ஏறத்தாழ 100 மைக்குரோ செக்கன் செயலிழந்திருக்கும். மிகச் செறிந்த கதிர்வீச்சில் குழாய் மீளமுடியாது திணறுவதால், எண்ணிக்கை சுழியத்தை நோக்கி வீழ்தலும் கூடும். தானாக அடங்கும் மணி, அபாயம் உச்சமடையும்போதே ஓய்ந்துவிடலாம். இதனாலேயே அளவெல்லை மீறலை நிலைநிறுத்திக் காட்டும் சுற்றும், துடிப்பே வராதபோது பழுதென அறிவிக்கும் சுற்றும் சேர்க்கப்படுகின்றன.

1992 நவம்பர் 16ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இந்தியானா என்னும் ஊரின் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையமொன்றில் நிகழ்ந்தது இங்கு நினைக்கத்தக்கது. சிகிச்சையின்போது இரிடியம்-192 கதிர்மூலம் கம்பியினின்று முறிந்து நோயாளரின் உடலிலேயே தங்கிவிட்டது. அறையிலிருந்த கண்காணிப்புக் கருவி எச்சரித்தது. ஆனால் கட்டுப்பாட்டுப் பலகை, மூலம் பாதுகாப்பாக உட்சென்றுவிட்டதாகக் காட்டியது. ஊழியர் பலகையை நம்பினர். எச்சரிக்கையைக் கருவியின் கோளாறெனக் கொண்டனர். கைமானியால் நோயாளரைச் சோதித்தாரல்லர். ஐந்து நாட்களின் பின் அவர் இறந்தார். கழிவோடு வெளியேறிய மூலம், கழிவகற்றும் நிலையமொன்றின் உணர்கருவிகள் ஒலித்த பின்னரே வெளிப்பட்டது.

அங்கு கருவி தன் கடமையைச் செய்தது. பிழை, எச்சரிக்கையை ஆராயாது விலக்கியதில் இருந்தது. எனினும் ஊழியரை மாத்திரம் குறைகூறுதல் நேர்மையாகாது. பொய்யாக ஒலிக்கும் கருவியைத் திருத்தாது விடும் நிருவாகம், நாளடைவில் மெய்யான ஒலியையும் பொய்யெனக் கொள்ள ஊழியரைப் பழக்குகின்றது. எனவே மீளமைத்தல் என்பது பொத்தானை அழுத்துதல் மாத்திரமன்று. இரண்டாவது கருவியால் அளந்து, காரணத்தைக் கண்டு, பதிவுசெய்த பின்னரே அது செய்யப்படவேண்டும். எல்லை எங்கே வைக்கப்பட்டது, யார் மீளமைத்தார் என்பவற்றை அவ்விடத்தில் உழைக்கும் ஒவ்வொருவரும் அறியும் உரிமையுடையவர் என்பதே எமது கருத்தாகும்.