கிராமத்து வீட்டில் இன்டர்நெட்: வேகமும் பாதுகாப்பும்

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். ஆனால் மகளின் கல்லூரி விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. வீடியோ ஓடாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். 2011ல் தொடங்கி, 2015ல் பாரத்நெட் எனப் பெயர் மாறிய மத்திய அரசுத் திட்டத்தின் நோக்கம், கிராம ஊராட்சிகள் வரை ஃபைபர் கேபிளைக் கொண்டு செல்வது. ஊராட்சி வரை கேபிள் வந்தாலும், உங்கள் மேஜை வரை வேகம் வர வேண்டுமே! பணம் செலவழிக்கும் முன், கோளாறு வீட்டுக்கு வெளியிலா, உள்ளேயா என்று கண்டுபிடியுங்கள்.

முதலில் சோதனை

ரௌட்டரையும் கம்ப்யூட்டரையும் லேன் கேபிளால் இணையுங்கள். கம்ப்யூட்டரின் வை-பியை அணைத்துவிட்டு, ஸ்பீட்டெஸ்ட் தளத்தில் வேகத்தைச் சோதியுங்கள். காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை சோதித்துக் குறித்து வையுங்கள். பிறகு வை-பி மூலம் இதையே செய்யுங்கள்.

கேபிளில் நல்ல வேகம், வை-பியில் குறைவு என்றால் கோளாறு வீட்டுக்குள். இரண்டிலும் எப்போதும் குறைவு என்றால், குறித்த எண்களுடன் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். இரவில் மட்டும் குறைந்தால், பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது காரணமாக இருக்கலாம். பெரிய டவுன்லோடுகளை அதிகாலைக்கு மாற்றுங்கள்.

ஒரு விஷயம்: திட்டத்தில் குறிப்பிடுவது மெகாபிட், பைல் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 40 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். இது குறைபாடு அல்ல.

ரௌட்டரை இடம் மாற்றுங்கள்

இரும்பு பீரோ, தகரக் கூரை, தடித்த சுவர் ஆகியவை வை-பி அலைகளைத் தடுக்கும். ரௌட்டரை டிவிக்குப் பின்னாலோ, அலமாரிக்குள்ளோ வைக்காமல், வீட்டின் நடுவில் தலை உயரத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டினால் பலவீனமாகிவிடும். பக்கத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பொருத்தமானது.

ஃபைபர் கேபிளை மடக்கவோ, அதன் மேல் ஆணி அடிக்கவோ கூடாது. பெட்டியில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். நிறுவனத்தை அழையுங்கள். அறுந்த ஃபைபரின் முனையைக் கண்ணருகே கொண்டு சென்று பார்க்காதீர்கள்.

4ஜி ரௌட்டர் வைத்திருப்பவர்கள், டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில், முடிந்தால் மாடியில் வைத்துச் சோதியுங்கள். டேட்டா சீக்கிரம் தீர்கிறதா? விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை இயக்குங்கள். பின்னணியில் நடக்கும் டவுன்லோடுகள் குறையும்.

இடி, மின்னல், மின்தடை

ஃபைபரில் மின்சாரம் பாய்வதில்லை, ஒளிதான் செல்கிறது. ஆனால் அடாப்டர் மின்கம்பியோடு இணைந்துள்ளது. அதன் வழியே வரும் மின்பாய்ச்சல் ரௌட்டரையும், லேன் கேபிள் மூலம் கம்ப்யூட்டரையும் பாழாக்கிவிடும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மழை நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கி, லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தலைக்கு மேல் வெட்டும்போது இவற்றைத் தொட வேண்டாம்.

சர்ஜ் புரொடக்டர் வாங்குவோர் கவனிக்க: எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் அது சரிவரப் பாதுகாக்காது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முதலில் எர்த்தைச் சரிபாருங்கள். மின்தடையிலும் இணைப்பு வேண்டுமென்றால், ரௌட்டருக்கான சிறிய யுபிஎஸ் வாங்கலாம். அதன் வோல்ட் அளவு, ரௌட்டர் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக் கூடாது.

பூட்டுப் போடுங்கள்

உங்கள் வை-பியில் யாரோ தவறு செய்தால், விசாரணை முதலில் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடம்தான் வரும். எனவே ரௌட்டரின் அடியில் உள்ள முகவரியை பிரவுசரில் டைப் செய்து, உள்ளே சென்று இவற்றை மாற்றுங்கள்:

* ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
* வை-பிக்கு வேறு பாஸ்வேர்ட் வையுங்கள். குறைந்தது 12 எழுத்துகள். மொபைல் எண் வேண்டாம்.
* பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்வு செய்யுங்கள்.
* டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள்.
* விருந்தினர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் பதிப்பையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ல் நின்றுவிட்டன.

"இன்டர்நெட் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், இந்த அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே போனை வையுங்கள். உங்கள் கம்ப்யூட்டரைத் தங்கள் கைக்குக் கொண்டுவரும் தந்திரம் அது. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.