முத்திரை இல்லாத பாஸ்போர்ட்

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயரும் முகவரியும் இருக்கும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பும் சேர்ந்திருக்கும். (நம் பக்கத்தில் ஈ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகிற சாலை, இது வேறு. வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று பொருள்.) தேறியவருக்கு அப்படி எதுவும் அச்சாகாது. பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில், வலையும் படகுமாக வாழ்ந்த வீட்டிலிருந்து முதன்முதலாக டிப்ளமாவோ பி.இ.யோ முடித்த பிள்ளைக்கு அந்த வெற்றிடம் ஒரு கௌரவம். முகத்துவாரம் மணலடித்து அடிக்கடி தூர்ந்துபோக, தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் எழும்பிவிட, இனி ஏரியை நம்பிப் பயனில்லை என்று படிக்க வைத்த வீடுகள் அவை. ஆனால் அந்த வெற்றிடத்துக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு: இவரை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சட்டம் முடிவு செய்துவிட்டது. கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கிடைக்கிற பாதுகாப்புகூட இல்லாமல்தான் வளைகுடாவுக்குப் பொறியாளர் விமானம் ஏறுகிறார்.

இது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர் சவுதி, குவைத், கத்தார், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி பெறவேண்டும். வேலை ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். 2 ஆண்டுக்கு அதன் சந்தா வரி நீங்கலாக 275 ரூபாய்தான். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இவற்றில் ஒன்றும் கட்டாயமில்லை. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். அந்தக் கட்டடத்தில் தொழிலாளர்களோடு பொறியாளர்களும் தங்கியிருந்தார்கள். படிப்பைப் போலவே, போகிற நாடும் சட்டத்தின் வலையில் ஒரு ஓட்டை. 2024 செப்டம்பரில் பஹ்ரைன் கடலோரக் காவல்படை பிடித்துச் சிறையிட்ட இடிந்தகரை மீனவர்கள் 28 பேரும் ஈரானில் படகு வேலைக்குப் போனவர்கள். அந்த 18 நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை.

படித்தவனுக்கு எதற்குக் காவல், ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கத் தெரியாதா என்று கேட்கலாம். வாசிக்கத் தெரிவது வேறு, பேரம் பேச முடிவது வேறு என்பதற்குக் குவைத்திலேயே சான்று இருக்கிறது. 2018 மார்ச்சில் அந்நாடு, பொறியாளர் என்ற பதவிப் பெயரில் அக்காமா (வசிப்பு அனுமதி) புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் சான்று வேண்டும் என்றது. இந்தியப் பட்டமென்றால் என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்கவேண்டும் என்று சங்கம் சொன்னது. ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலும் பல்கலைக்கழக இணைப்பும் உள்ள கல்லூரியில் ஒழுங்காகப் படித்து, ஆண்டுக்கணக்கில் அங்கே வேலை பார்த்தவர்கள் ஒரே உத்தரவில் பொறியாளர் அல்லாதவர் ஆனார்கள். பலர் மேற்பார்வையாளர், டெக்னீஷியன் என்று பதவிப் பெயரை மாற்றிக்கொண்டுதான் அக்காமாவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, படிப்பு படிப்பாகத் தரப்படுவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. ஆண்டுக்கு ஆண்டும் மாறும். கல்லூரிச் சேர்க்கையின்போதே கேட்கவேண்டிய கேள்வி இது. பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை.

பதவிப் பெயர் வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியுமா, வேறு கம்பெனிக்கு மாறும்போது எந்த வேலைக்கு மாறலாம், வழக்கென்று வந்தால் எந்தச் சம்பளம் கணக்கில் வரும் என்பதெல்லாம் அரசுப் பதிவில் உள்ள பெயரையும் தொகையையும் பொறுத்தவை. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாளில் 'சைட் இன்ஜினியர்' என்றும், விசாவில் வேறொரு பெயரும் இருந்தால் விசாவில் இருப்பதுதான் நிற்கும். சம்பளத்திலும் இப்படித்தான். மாதம் 4,000 திர்ஹம் என்று வரும் இரண்டு கடிதங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் அடிப்படைச் சம்பளம் 2,500, மீதி படிகள்; மற்றதில் அடிப்படை 1,500, மீதி படிகள். கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அமீரகத்தில் பணிக்கொடை, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்பதால், 5 ஆண்டு முடிவில் முதலாமவருக்கு 8,750 திர்ஹம், இரண்டாமவருக்கு 5,250. இந்தப் பிரிப்பை முடிவு செய்வது கம்பெனி; கையெழுத்துப் போடும் முன் கேட்கலாம், போட்ட பிறகு கேட்க இடமில்லை. 2016 முதல் அமீரகத்தில் அரசு வடிவிலான வேலைக் கடிதம் தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. அது இல்லாமல் கம்பெனி லெட்டர்ஹெட்டை மட்டும் காட்டுகிறவரிடம் அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு நோண்டினால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும் என்பது அடுத்த மறுப்பு. ஊர் உறவு வழியாக வரும் ஏஜென்டிடம் பத்திரம் கேட்பது அவமரியாதை என்பது அதற்கு ஒத்தூதும் நினைப்பு. பழவேற்காடு ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. முறை வைத்தால் உறவு கெட்டுப்போகும் என்று அங்கே எவரும் சொல்வதில்லை. முறை இருப்பதால்தான் அண்ணன் தம்பிக்குள் அடிதடி வராமல் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கும் அப்படியொரு முறை எழுத்தில் இருக்கிறது: பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அவர் பதிவு எண் உண்மையா, நடப்பில் உள்ளதா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினால் பின்னால் புகாருக்கு அது ஆதாரம். 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்' என்பவரும் 'ஃப்ரீ விசா' (விசா ஒருவர் பெயரில், வேலை வேறிடத்தில்) என்பவரும் இந்த முறைக்கு வெளியே நிற்பவர்கள். 2024இல் அமீரகம், அனுமதியில்லாமல் ஆள் வைத்துக்கொள்ளும் முதலாளிக்கான அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் என்று உயர்த்தியது. மாட்டிக்கொண்டால் முதலாளி முதலில் கைகழுவுவது விசிட் விசாக்காரரைத்தான். இங்கேயோ, பதிவில்லாமல் ஆள் அனுப்புகிறவருக்கு 1983 சட்டம் விதிக்கும் சிறை 2 ஆண்டு வரை, அபராதம் 2,000 ரூபாய் வரை. அந்த அபராதத்தைக் கேட்டு எந்த ஏஜென்டும் பயப்படப்போவதில்லை. அதனால்தான் குடிபெயர்வுச் சட்டப் புகாரோடு நின்றுவிடாமல், உள்ளூர்க் காவல் நிலையத்தில் மோசடிப் பிரிவிலும் வழக்குப் பதியச் சொல்லிக் கேட்கவேண்டும்.

எல்லாரையும் அரசு கட்டாயமாகப் பதிவு செய்ய வைத்தால் என்ன என்ற கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. 2018 நவம்பரில் வெளியுறவு அமைச்சகம், ஈ.சி.ஆர். அல்லாதவரும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் பதிவு செய்யவேண்டும், 2019 ஜனவரி 1 முதல் பதியாதவர் விமானத்தில் ஏற்றப்படமாட்டார் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதக் கடைசியில் நிறுத்தி வைத்தது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் பயணியை விமான நிலையத்தில் மறித்துத் தண்டிப்பது தலைகீழ் வேலை. தண்டனை வேலை கொடுப்பவருக்கும் ஏஜென்டுக்கும் போயிருக்கவேண்டும். ஆனால் அந்தச் சண்டையில் பதிவு என்ற எண்ணமே அடிபட்டுப்போனதுதான் நஷ்டம். விருப்பப் பதிவு இன்றும் உண்டு. செய்து வைத்தால், சிக்கல் வரும் நாளில் தூதரகத்துக்கு உங்கள் பெயரும் முதலாளி பெயரும் முன்பே தெரிந்திருக்கும்.

சிக்கல் வந்துவிட்டால் படிப்பு ஒரு தடையல்ல. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் யாரும் புகார் பதியலாம், வீட்டிலிருப்பவரும் பதியலாம். 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, கதியற்று நிற்பவருக்கு இருப்பிடம், சட்ட உதவி, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றைத் தூதரகம் தரலாம். பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கின்றன. வளைகுடாச் சட்டங்களும் முன்பு போல் இல்லை: பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அமீரகத்தில் சட்ட விரோதம், 2020இல் கத்தார், வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று தேவையில்லை என்றது, 2021 மார்ச்சில் சவுதியும் பெரும்பாலான தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு நிபந்தனைகளோடு அந்த வழியைத் திறந்தது. சட்டம் இருந்தாலும் நடைமுறை தள்ளாடும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் எண் ஒன்றைப் பெற்றுவிட்டவருக்கும் பெறாதவருக்கும் நிலைமை ஒன்றல்ல. ஊர் திரும்ப வேண்டி வந்தால், வழக்கைத் தொடர நம்பகமான ஒருவருக்குத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். இல்லையென்றால் பாக்கிச் சம்பளம் கேட்க அங்கே ஆளிருக்காது. கெடுவும் உண்டு: வேலை முடிந்த நாளிலிருந்து அமீரகத்தில் 2 ஆண்டு, சவுதியில் 12 மாதம். 'செட்டில்மென்ட் அனுப்பிடுறோம், பொறுங்க' என்ற பேச்சை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாதங்களும் அந்தக் கெடுவில்தான் கழிகின்றன.