ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்

பல் வலித்தால் கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு, வலி நின்றதும் பல்லையே மறந்துவிடுவது நம் கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. வலி நின்றதால் சொத்தை நின்றுவிடுவதில்லை. வாயில் தங்கும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே பல்லை அரிக்கிறது.

பால் பற்கள் 20. நிலைப் பற்கள் 32. சுமார் 6 வயதில், பால் பல் எதுவும் விழாத இடத்தில், கடைவாயில் மேலும் கீழும் இருபுறமுமாக 4 நிலைப் பற்கள் முளைக்கின்றன. இவற்றையும் விழுந்து முளைப்பவை என்றெண்ணிப் பெற்றோர் கவனியாது விடுகின்றனர். இவை போனால் மறுபடி முளையா.

சொத்தை சிறிதாயிருக்கும்போது சுரண்டி அடைத்தால் போதும். உள்நரம்பைத் தாக்கிவிட்டால் வேர்ச் சிகிச்சையால் பல்லைக் காக்கலாம். அந்நிலையும் கடந்தால் பிடுங்குவதே வழி. மேற்பல்லை எடுத்தால் கண்பார்வை குன்றும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. ஈறில் இரத்தம் கசிந்தால் பல்லில் படிந்த காறையை மருத்துவரிடம் நீக்கிக்கொள்ளல் வேண்டும்.

காலையிலும் இரவு படுக்குமுன்னும் புளோரைடு கலந்த பற்பசையால் துலக்குக. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசை போதும். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும். புகையிலையை அடக்கும் பழக்கம் வாய்ப்புற்றுக்கு வழிகோலும். 2 வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணை உடனே மருத்துவரிடம் காட்டுக.

பஞ்சாயத்து அங்கத்தினர்களை நாம் வேண்டுவது இதுவே: அடுத்த கிராம சபையில் இதனை எடுத்துரையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து, பள்ளியில் 6 வயதுக் குழந்தைகளின் பற்களைப் பரிசோதிக்க ஒரு நாளைக் குறியுங்கள். அன்று அடைக்கப்படும் சிறு குழி, ஆயுள் முழுதும் உதவும் பல்லைக் காக்கும்.