இருதய நோயும் மரபணுவும்: ஒப்பீட்டில் நேரும் பிழைகள்

இருதயத் தசையின் புரதமொன்றை உருவாக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருப்பதற்கும் இருதயத் தசை நோய்களுக்கும் சம்பந்தம் உண்டென்று தண்டபாணி, ஐதராபாத் தங்கராஜ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் அறிவித்தனர். தென்னாசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் அக்குறை காணப்படுவதால் செய்தி மிகுந்த கவலைக்குரியதாயிற்று. ஆனால், தசைத் தடிப்பு நோயைப் பொறுத்தவரை, அக்குறையைத் தாங்கியோரில் சிலரிடம் மட்டும் அதனோடு கூடவே வரும் மற்றோர் அரிய மாற்றமே காரணம் என்று 2020-இல் வெளியான மறு ஆய்வு காட்டிற்று.

நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட்டு, எந்த மரபணு மாற்றம் முன்னவரிடம் மிகுந்திருக்கிறதென்று கணக்கிடுவதே இவ்வாராய்ச்சியின் முறை. இருளர் குடியிருப்பையும், பர்மாவிலிருந்து திரும்பியோர் வாழும் பர்மா நகரையும் தன்னகத்தே கொண்டு, மணலி ஆலைகளின் புகையைச் சுவாசித்து வாழும் வடசென்னைச் சடையங்குப்பத்தில் நோயாளிகளைத் திரட்டி, நோயற்றோரைத் தென்சென்னையில் தேடுவோமானால், வம்ச வேற்றுமையே நோயின் காரணமாகத் தோற்றமளிக்கும். புகையும் வறுமையும் இழைத்த தீங்கு பரம்பரையின் தலையில் சுமத்தப்படும். தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணக்கும் அகமண வழக்கத்தால் இந்திய சமூகங்களுக்கிடையே உள்ள மரபணு வேற்றுமை ஐரோப்பிய நாடுகளுக்கிடையே உள்ளதைவிடப் பெரிதென்று, மரபணு ஆராய்ச்சியாளர் டேவிட் ரைக்குடன் சேர்ந்து தங்கராஜ் அதே 2009-இல் எழுதியதை நோக்கினால், இந்த அபாயம் நம் நாட்டில் எவ்வளவு கடுமையானது என்பது விளங்கும்.

வேறு பிழைகளும் உண்டு. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியை அடையுமுன்பே மாண்டவர் இத்தகைய ஆய்வுகளின் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லையாதலால், உயிரைப் பறிக்கும் மாற்றம் நிரபராதியாகத் தோன்றக்கூடும். சிறிய ஆய்வுகளில் தற்செயலாகப் பெரிதாய் அமைந்த முடிவுகளே முதலில் பிரசுரமாகின்றன. விரிவான ஆய்வில் அவை சுருங்கிவிடுகின்றன. உலகில் இவ்வகை ஆராய்ச்சிகளில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர். அவர்களைக் கொண்டு வகுத்த அளவுகோல் நம்மை அளக்கும்போது பிழைபடுவது இயல்பே.

ஆதலின், ஒரே ஊரிலும் ஒரே சமூகத்திலும் இருசாராரையும் தேர்ந்து, வம்ச வேற்றுமையைக் கணிதத்தால் நீக்கி, வேறு சமூகங்களிலும் சோதித்த பின்னரே விஞ்ஞானிகள் தீர்ப்புக் கூறவேண்டும். பரிசோதனை அறிக்கையில் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்ட வாசகர் அதனைத் தலைவிதியாகக் கொள்ளாது மருத்துவரை நாடுக. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது எந்த வம்சத்தாருக்கும் நன்மையே தரும்.