உரிக்காமலே அழவைத்த வெங்காயம்!

குழந்தைகளே! வெங்காயம் உரித்தால் கண்ணில் நீர் வரும். உரிக்காமலே அது விவசாயிகளை அழவைத்த கதை தெரியுமா?

இந்திய வரைபடத்தை எடுங்கள். மும்பைக்கு வடகிழக்கே நாசிக் என்று இருக்கும். அந்த மாவட்டத்தில் உள்ள லாசல்கான் என்ற ஊரின் சந்தையை ஆசியாவின் மிகப் பெரிய வெங்காயச் சந்தை என்பார்கள்.

அங்கே டிசம்பர், ஜனவரியில் வெங்காய நாற்று நடுவார்கள். சுமார் நான்கு மாதம் கழித்துத்தான் அறுவடை. அறுத்ததைக் காற்றோட்டமான கொட்டகையில் போட்டு வைத்தால் சில மாதங்கள் தாங்கும். அதற்கு மேல் முளைவிடும், அழுகும். ஆகவே, நாற்று நடுகிற அன்றே விவசாயி ஒரு கணக்குப் போட வேண்டும். அறுவடை ஆகும்போது யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள்?

வங்கதேசம், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் நம் வெங்காயத்தை வாங்குகின்றன. ஏற்றுமதிக் கதவு திறந்திருந்தால் நல்ல விலை. மூடிவிட்டால் எல்லா மூட்டையும் உள்ளூர்ச் சந்தையிலேயே குவியும், விலை சரியும். அந்தக் கதவின் சாவி மத்திய அரசிடம் இருக்கிறது.

இனி நடந்ததைக் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதிக்கப்பட்டது. கணக்கு எளிது: 100 ரூபாய் சரக்குக்கு 40 ரூபாய் வரி! எதிர்ப்புத் தெரிவித்து நாசிக் மாவட்டச் சந்தைகளில் ஏலத்தையே நிறுத்தினார்கள். அக்டோபர் கடைசியில் வேறொரு விதி வந்தது. ஒரு டன்னை 800 டாலருக்குக் குறைவாக வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது. கிலோவுக்கு ஏறத்தாழ 67 ரூபாய். டிசம்பர் 8 முதல் ஏற்றுமதிக்கே தடை! விவசாயிகள் மும்பை - ஆக்ரா நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள்.

தடை 2024 மார்ச் 31 வரைதான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த டிசம்பரில் நாற்று நட்டவர் என்ன நினைத்திருப்பார்? 'நம் வெங்காயம் அறுவடைக்கு வரும்போது தடை நீங்கிவிடும்' என்றுதானே? மார்ச் முடிய சில நாட்களே இருக்கும்போது இன்னொரு உத்தரவு: மறு அறிவிப்பு வரும் வரை தடை நீடிக்கும்! மே 4-ம் தேதி தடை நீங்கியது. ஆனால் டன்னுக்கு 550 டாலர் என்ற குறைந்தபட்ச விலையும், 40 சதவீத வரியும் இருந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை நீங்கி, வரி 20 சதவீதமானது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் இல்லை.

விரல் விட்டு எண்ணுங்கள். இருபது மாதத்துக்குள் ஏழு மாற்றங்கள்!

பள்ளியில் சுற்றுலா என்று அறிவித்து, அம்மா விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டிக் கொடுத்த பிறகு "இன்றைக்கு இல்லை" என்றால் எப்படி இருக்கும்? அப்படி இரண்டு முறை நடந்தால், மூன்றாம் முறை பாதிப் பேர் பணமே கட்ட மாட்டார்கள். (ஆசிரியராக இருந்து பார்த்தவன் சொல்கிறேன்!)

அரசு ஏன் இப்படிச் செய்கிறது? அதற்கும் காரணம் உண்டு. மழை பொய்த்தாலோ, பெருமழையில் பயிர் அழுகினாலோ வெங்காய விலை தாறுமாறாக ஏறும். கூலி வேலை செய்பவர் அரைக் கிலோ வாங்கவே யோசிப்பார். அவரையும் அரசு பார்க்க வேண்டும் அல்லவா? ஆனால் திடீர் திடீரென்று மாறும்போதுதான் சிக்கல். கடுமையான விதியாக இருந்தாலும், முன்பே தெரிந்தால் விவசாயி வேறு பயிருக்கு மாறிக் கொள்வார். நாற்று நட்ட பிறகு என்ன செய்வார், பாவம்!

வாங்குகிற நாட்டுக்கும் இதே கஷ்டம்தான். 2019 செப்டம்பர் 29-ல் இந்தியா திடீரென்று தடை விதித்தது. சில நாட்களில் டில்லி வந்த வங்கதேசத்தின் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் இல்லாமல் சமைக்கும்படி தன் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகச் சிரித்துக் கொண்டே சொன்னார். முன்கூட்டியே சொன்னால் வேறு இடத்தில் வாங்கிக் கொள்வோமே என்றும் கேட்டுக் கொண்டார். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 2020 செப்டம்பர் 14-ல் மறுபடியும் தடை! வங்கதேச எல்லையில் வெங்காய லாரிகள் வரிசையாக நின்றன. வெயிலிலும் மழையிலும் நிற்கும் லாரியில் வெங்காயம் எத்தனை நாள் தாங்கும்? அந்த நாடு துருக்கி, எகிப்து, மியான்மர் என்று வேறு கடைகளைத் தேடியது.

நமக்குப் பக்கத்திலும் ஒரு வெங்காயம் மாட்டிக் கொண்டது. அதன் பெயர் பெங்களூரு ரோஸ். கர்நாடகத்தில் கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் விளைவது. சிறியது, காரம் அதிகம். நம் நாட்டில் இதை வாங்குபவர் மிகக் குறைவு. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்காகவே பயிரிடுகிறார்கள். இதைத் தடுத்தால் நம் ஊர்ச் சாம்பாருக்கு ஒரு பயனும் இல்லை! ஆனாலும் 2020 தடையில் இதுவும் சேர்ந்து நின்றது. அக்டோபரில்தான், 10,000 டன் மட்டும் சென்னைத் துறைமுகம் வழியாகப் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய ஒரு மாதம் ஓடிவிட்டது.