கரடுமுரடான பாதையில் கலப்பின வண்டி

உடலுக்கு நரம்புகள் எத்தகையனவோ, அத்தகையனவே ஒரு நாட்டுக்குச் சாலைகள். இன்று நம் நகரங்களை அகன்ற நெடுஞ்சாலைகள் இணைக்கின்றன. ஆயினும் எல்லா இடங்களுக்கும் தார்ச்சாலை சென்று சேர்ந்துவிடவில்லை. செம்பனைத் தோட்டங்களின் உட்புறத்திலும், மலைச்சரிவிலுள்ள காய்கறித் தோட்டங்களிலும், காட்டோரச் சிற்றூர்களிலும் இன்றும் மண்பாதைகளைக் காணலாம். வெயிற்காலத்தில் அவற்றில் புழுதி பறக்கும். மழைக்காலத்தில் அவை சேறாகிவிடும். அத்தகைய பாதையில் சாதாரணக் கார் ஒன்று சிக்கிக்கொண்டு, சக்கரம் மட்டும் வீணே சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதை மாணவர்களே, நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இத்தகைய பாதைகளுக்கென்றே உருவானவை நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகள். பிரிட்டனில் 1948ஆம் ஆண்டில் வெளிவந்த லேண்ட் ரோவர் அவற்றுள் புகழ்பெற்றது. நம் கேமரன் மலையில் காய்கறி பயிரிடுவோர் அவ்வண்டிகளை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். பின்னர், 1997ஆம் ஆண்டில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் என்னும் கார் விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் இத்தகைய வண்டியை ஹைபிரிட், அதாவது கலப்பின வண்டி என்பர். இன்று நான்கு சக்கர இயக்கமும் கலப்பின முறையும் ஒரே வண்டியில் இணைந்துள்ளன. அவ்வண்டி கரடுமுரடான பாதையை எவ்வாறு கடக்கிறது? அதனை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்விரு வினாக்களுக்கும் இக்கட்டுரையில் விடை காண்போம்.

வண்டி சிக்குவது ஏன்?

விளையாட்டுப் போட்டி நாளில் நீங்கள் வரிசையாக அணிவகுத்துச் செல்வதை நினைத்துப் பாருங்கள். திடலின் மூலையில் வரிசை திரும்பும்போது, உட்புறத்தில் நிற்பவர் சில அடிகளே எடுத்து வைக்கிறார். வெளிப்புறத்தில் நிற்பவரோ விரைந்து பல அடிகள் நடக்க வேண்டியுள்ளது. வண்டி திரும்பும்போதும் இதுவே நிகழ்கிறது. வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகமாகச் சுழல வேண்டும். இதற்கு இடந்தரும் பற்சக்கரத் தொகுதி ஒன்று இரு சக்கரங்களுக்கும் நடுவே அமைந்துள்ளது. இதனை டிஃபரன்ஷியல் என்பர்.

சாலையில் நன்மை செய்யும் இந்த டிஃபரன்ஷியல், சேற்றில் தொல்லை தருகிறது. ஒரு சக்கரம் கெட்டியான தரையிலும் மற்றொன்று வழுக்கும் சேற்றிலும் இருக்குமாயின், சேற்றிலுள்ள சக்கரம் எளிதாகச் சுழன்றுவிடுகிறது. பிடிமானமுள்ள சக்கரமோ அசைவதில்லை. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் பயன் இல்லை. எனவேதான் கடினமான பாதைகளுக்கென்று செய்யப்படும் வண்டிகளில், டிஃபரன்ஷியலைப் பூட்டிவைக்கும் வசதி உள்ளது. பூட்டிய பின் இரு சக்கரங்களும் சேர்ந்தே சுழலும். பிடிமானமுள்ள சக்கரம் வண்டியை முன்னே தள்ளும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் இப்பூட்டை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் வண்டி திரும்ப முடியாமல் இடர்ப்படும்.

மெதுவாகச் செல்லும் வலிமை

வேகமாகச் செல்லும் வண்டியே வலிமையான வண்டி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாறைகள் நிறைந்த பாதையில் அவ்வெண்ணம் பொய்யாகும். அங்கே வண்டி ஆமைபோல் ஊர்ந்து செல்ல வேண்டும். அதேவேளையில் யானைபோல் பலத்துடன் தள்ளவும் வேண்டும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில், ருபிகான் என்னும் பாதை உள்ளது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பெரும் பாறைகள் படிக்கட்டுகளைப் போல் கிடக்கின்றன. அப்பாதையின் பெயரையே தாங்கியது ஜீப் நிறுவனத்தின் ராங்லர் ருபிகான் வண்டி. அதன் கலப்பின வகை 2020ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்டு, 2021ஆம் ஆண்டு மாதிரியாக விற்பனைக்கு வந்தது. ஃபோர் எக்ஸ் ஈ என்பது அவ்வகையின் பெயராகும்.

இவ்வண்டியில் வழக்கமான கியர்ப்பெட்டியோடு மற்றொரு பற்சக்கரப் பெட்டியும் உண்டு. மெதுவான நிலைக்கு அதனை மாற்றினால், சக்கரங்கள் நான்கு மடங்கு மெதுவாகச் சுழலும். சிறு உராய்வு இழப்பு நீங்கலாக, அவற்றின் முறுக்கு விசை நான்கு மடங்கு பெருகும். எல்லாப் பற்சக்கரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 77 முறை சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு முறை சுற்றும். எஞ்சின் ஒரு நிமிடத்தில் 770 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் 10 முறை சுற்றும். அச்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.6 மீட்டர். ஆகவே ஒரு நிமிடத்தில் வண்டி கடக்கும் தொலைவு 26 மீட்டரே! பாலர் பள்ளிக் குழந்தையின் நடைகூட இதனினும் விரைவானது.

மின்மோட்டாரின் பங்கு

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. அது ஓரளவு வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால்தான் உயிருடன் இருக்கும். மிக மெதுவாகச் சுழன்றால் நின்றுவிடும். அதன் முழு முறுக்கு விசையும் வேகம் கூடிய பின்னரே வெளிப்படும். மின்மோட்டாரோ இதற்கு மாறானது. அசையாது நிற்கும் நிலையிலேயே தன் முழு முறுக்கு விசையையும் தரவல்லது. சக்கரம் ஒரு பாறையில் முட்டி நிற்கும்போது, ஓட்டுநர் மிதியை மெல்ல அழுத்தினால் போதும். விசை சிறிது சிறிதாகக் கூடி, வண்டி துள்ளாமல் பாறைமீது ஏறும். துள்ளி ஏறும் வண்டி சறுக்கும். அமைதியாக ஏறும் வண்டி சறுக்குவது குறைவு.

மேற்கூறிய ஜீப் வண்டியில் 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், அதற்குத் துணையாக மின்மோட்டாரும் உள்ளன. இரண்டும் சேர்ந்து 375 குதிரைத் திறனைத் தரும். முதன்மை மோட்டார் எட்டுக் கியர்களைக் கொண்ட பெட்டியின் முகப்பில் அமைந்துள்ளது. ஆகவே மோட்டாரின் விசையும் பற்சக்கரங்களின் வழியாகப் பெருகியே சக்கரங்களை அடைகிறது. இது நினைவில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

மின்கலத் தொகுதி பின்னிருக்கையின் அடியில் உள்ளது. அதன் கொள்ளளவு 17.3 கிலோவாட் மணி. சாலையில் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரத்திலேயே செல்லலாம். மின்சாரம் தீர்ந்தால் பெட்ரோல் கைகொடுக்கும். மின்னேற்றும் நிலையங்கள் இல்லாத காட்டுப் பகுதியில் இது பெரும் ஆறுதலன்றோ! மேலும், மின்சாரத்தில் செல்லும்போது எஞ்சினின் இரைச்சல் இல்லை. சக்கரத்தின் அடியில் கல் உருளும் ஓசையும், முன்னே நின்று வழிகாட்டுபவரின் குரலும் ஓட்டுநருக்குத் தெளிவாகக் கேட்கும்.

இறக்கத்தில் செல்லும்போது மோட்டார் வேறொரு தொண்டும் புரிகிறது. சக்கரங்கள் அதனைச் சுழற்ற, அது மின்னாக்கியாக மாறி மின்சாரத்தை உண்டாக்குகிறது. அம்மின்சாரம் மின்கலத்தில் சேமிக்கப்படுகிறது. வண்டியின் வேகமும் தணிகிறது. ஆயினும் மின்கலம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதில் மேலும் மின்சாரத்தைச் சேர்க்க இயலாது. அப்போது தாழ்ந்த கியரும் பிரேக்குமே துணை. ஆகவே மோட்டாரை மட்டும் நம்பிச் செங்குத்தான இறக்கத்தில் இறங்குதல் கூடாது.

பெயர் ஒன்று, அமைப்பு இரண்டு

நான்கு சக்கர இயக்கமுள்ள கலப்பின வண்டி என்று பெயர் பெற்றவை அனைத்தும் ஒரே வகையின அல்ல. இதை அறியாதோர் இடர்ப்படுவர்.

டொயோட்டா நிறுவனத்தின் ராவ் ஃபோர் கலப்பின வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முன் சக்கரங்களை எஞ்சினும் மின்மோட்டாரும் இயக்குகின்றன. பின் சக்கரங்களுக்குத் தனியே மற்றொரு மின்மோட்டார் உண்டு. முன்னிருந்து பின்னோக்கிச் செல்லும் இரும்புத் தண்டு அதில் கிடையாது. இம்முறையின் நான்கு சக்கர இயக்கத்தை ஈ ஃபோர் என்பர். 2018ஆம் ஆண்டில் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை ராவ் ஃபோர் வண்டியில் அப்பின்மோட்டாரின் திறன் 40 கிலோவாட். முன் சக்கரம் வழுக்கினால் பின்மோட்டார் உடனே உதவிக்கு வருகிறது. மழை நனைத்த சாலைக்கும், சரளைக்கல் பாதைக்கும், குளிர்நாடுகளின் பனிச்சாலைக்கும் இது மிகவும் ஏற்றது. எரிபொருளும் குறைவாகவே செலவாகும்.

ஆனால், இதில் மெதுவான நிலைக்கு மாற்றும் இரண்டாம் பற்சக்கரப் பெட்டி இல்லை. பின் சக்கரங்களுக்குச் செல்வது அச்சிறு மோட்டாரின் விசை மட்டுமே. ஆழ்ந்த சேற்றிலோ செங்குத்தான மேட்டிலோ நெடுநேரம் உழைத்தால் எந்த மோட்டாரும் சூடேறும். சூடு மிகுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அது விசையைக் குறைத்துவிடும். நன்மையும் குறையும் கொண்ட இவ்விரு வண்டிகளுள் எது சிறந்தது என்று கேட்பது பொருந்தாது. செல்ல வேண்டிய பாதை எது என்று கேட்பதே முறையாகும்.

உடலமைப்பும் டயரும்

விசை மட்டும் இருந்தால் போதாது. வண்டியின் வயிறு பாறையில் தட்டக் கூடாது. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, ராங்லர் ருபிகான் கலப்பின வண்டியில் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். உங்கள் அடிகோலின் நீளத்தைவிட அது சற்றே குறைவு. அதன் முன்பகுதியும் மேல்நோக்கி அமைந்திருப்பதால், ஏறத்தாழ 44 பாகைச் சரிவையும் மூக்கு இடிபடாமல் அணுகலாம்.

எல்லா விசையும் இறுதியில் தரையைத் தொடுவது டயரின் வழியாகத்தான். உள்ளங்கை அளவேயுள்ள சில பரப்புகளே அவ்வளவு பெரிய வண்டியைத் தாங்குகின்றன. மணலில் செல்லும்போது டயரின் காற்றை ஓரளவு குறைத்தால், டயர் அகன்று பரவி, வண்டி புதையாமல் செல்லும். இங்கே கலப்பின வண்டிக்கு ஒரு குறை உண்டு. மின்கலமும் மோட்டாரும் சேர்வதால் அதன் எடை கூடுகிறது. மேற்கூறிய ஜீப் வண்டியின் எடை 2300 கிலோகிராமுக்கும் அதிகம். குழைந்த சேற்றில் எடை மிகுந்த வண்டி விரைவில் புதையும்.

வெள்ளமும் வண்டியும்

நம் நாட்டில் ஆண்டின் இறுதியில் பருவமழை கொட்டுகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான் மாநிலத்தைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே நீரைப் பற்றிய செய்தியை ஊன்றிப் படியுங்கள்.

நீர் பட்டவுடன் கலப்பின வண்டியின் மின்சாரம் நம்மைத் தாக்குமோ என்று சிலர் அஞ்சுவர். மின்கலமும் மின்கருவிகளும் நீர் புகாதவாறு மூடி அடைக்கப்பட்டுள்ளன. மேற்கூறிய ஜீப் வண்டி 76 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கும் என்று அதன் நிறுவனம் அறிவித்துள்ளது. ஆனால், அது அசையாது நிற்கும் நீரில், ஆழம் அறிந்த இடத்தில், மெதுவாகச் செல்லும்போது மட்டுமே பொருந்தும். ஓடும் வெள்ளம் வேறு. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் நீர், பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்ல வல்லது. நீர் வண்டியைத் தூக்கிவிட்டால் டயர் தரையைத் தொடாது. தரையைத் தொடாத சக்கரம் நான்கு இருந்தாலும் பயன் என்ன? மேலும், காற்று செல்லும் குழாயின் வழியே நீர் எஞ்சினுக்குள் புகுந்தால், எஞ்சின் பாழாகும். கலங்கிய வெள்ளத்தின் அடியில் சாலை உள்ளதா, அல்லது அரித்துச் செல்லப்பட்டதா என்பதை எந்த வண்டியும் அறியாது.

முடிவுரை

மாணவர்களே! மின்மோட்டாரின் அமைதியான விசையும், பற்சக்கரங்களின் பெருக்கும் திறனும் இணைந்ததால், கரடுமுரடான பாதையில் இன்றைய கலப்பின வண்டிகள் முன்னைய வண்டிகளால் இயலாத நிதானத்துடன் செல்கின்றன. எனினும் யானைக்கும் அடி சறுக்கும். தேர்ந்த ஓட்டுநர் கடினமான இடத்தை அடைந்ததும் முதலில் வண்டியை விட்டு இறங்குகிறார். பாதையைக் காலால் நடந்து பார்க்கிறார். தன் வண்டியின் அமைப்புக்கு அப்பாதை ஏற்றதா என்று சிந்திக்கிறார். ஏற்றதன்று எனில் வெட்கப்படாமல் திரும்புகிறார்.

வருங்காலத்தில் உங்களுள் சிலர் இத்தகைய வண்டிகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் ஆகலாம். வேறு சிலர் வெள்ளத்தில் சிக்கியோரை மீட்கும் பணியில் ஈடுபடலாம். அதற்கு முன்பாக, இன்றே நீங்கள் செய்யத்தக்க தொண்டு ஒன்று உண்டு. மழைநாளில் வெள்ளம் புரண்டோடும் சாலையின் முன்னே உங்கள் வீட்டு வண்டி நிற்குமாயின், "அப்பா, இது ஓடுகிற தண்ணீர், திரும்பிவிடலாம்" என்று பணிவுடன் எடுத்துக் கூறுங்கள். வண்டியின் ஆற்றலை அறிவது அறிவு. அதன் எல்லையையும் சேர்த்து அறிவதே நிறைந்த அறிவாகும்.